அகராதி கூப்பிட்ட பெரட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இங்கிலீஷ் என்பது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வரும். முட்டி வரைக்கும் காலுறை மாட்டியிருக்கும். அது வருகிற சத்தம் கேட்டால் வெற்றிலையைத் துப்பிவிட வேண்டும். தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் எழுந்துவிட வேண்டும். அது என்ன சொல்கிறது என்று யாருக்கும் புரியாது, புரியவேண்டிய அவசியமும் இல்லை. "சரிங்க தொரை" என்று சொல்லிவிட்டு, கையில் கிடைத்த ஏதாவது ஒரு வேலையை வேகமாகச் செய்துகொண்டிருந்தால் போதும்.

இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இல்லையென்றால் ஒரு திங்கட்கிழமை காலையில் நமுனுகுல பக்கத்து ஒரு தோட்டமே, வாயில் பல் விளக்குகிற கரியோடும் பாதி பின்னிய சடையோடும், ஒரு மரத்தைப் பார்த்து ஓடியதை நீங்கள் நம்பமாட்டீர்கள். ஓட வைத்தது நான்தான். எனக்கு அப்போது பதினெட்டு வயது. ஓட வைக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பாவுக்குத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற வேலை. ஆனால் அவரை யாரும் அந்த வேலையை வைத்துக் கூப்பிட்டதில்லை. மைக்செட் முருகையாதான். ஒரு பழைய ஆம்பிளிபையர், இரண்டு பெரிய குழாய் ஸ்பீக்கர், வீட்டுக்குள் வைக்கிற ஒரு சின்னப் பெட்டி ஸ்பீக்கர், ஒரு மைக். கல்யாணம், சடங்கு, மாரியம்மன் திருவிழா, எதுவானாலும் அப்பாதான் குழாய் கட்டுவார். கட்டி முடித்ததும் மைக்கைப் பிடித்து, தனக்குத் தெரிந்த மொத்த இங்கிலீஷையும் சொல்லுவார்.

"ஹலோ... ஹலோ... ஒன்... டூ..."

அதோடு நின்றுவிடுவார். தலையைச் சாய்த்து, குழாயில் தன் குரல் சரியாகப் போகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரம் கழித்துத்தான் "த்ரீ!" வரும். அது வந்தால்தான் திருவிழா தொடங்கியதாக அர்த்தம். அம்மனுக்குத் தீபாராதனை காட்டியது எல்லாம் பிறகு.

அந்த வருஷம் திருவிழா முடிந்தது. "ஞாயித்துக்கெழமை மரத்துல ஏறி கொழாய எறக்கிடுறேன்" என்று சொன்னார். சனிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொழுந்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உயிர் பசறை தாண்டவில்லை. தலை என் மடியில்தான் இருந்தது. தூங்குகிறார் என்றுதான் ஆஸ்பத்திரி வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழாயை இறக்க யாரும் ஏறவில்லை. கோயில் சவுக்கு மரத்தில் ஒன்று காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தைப் பார்த்தபடியும், இன்னொன்று மேலே துரை பங்களாவைப் பார்த்தபடியும் அப்படியே இருந்தன. வயர் கோயில் கூரை மேல் வந்து, லயத்துத் தகரம் மேல் வந்து, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் ஆம்பிளிபையரின் முதுகில் முடிந்தது. அம்மா அதன் மேல் தன் பழைய சேலை ஒன்றை மடித்துப் போர்த்தினாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நாங்கள் பார்ப்பதில்லை. வயர் என்று ஒன்று இருப்பதையே நான் மறந்து போனேன். இந்த மறதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவின் பெயர் மட்டும்தான் செக்ரோல் என்கிற ஆள் பதிவில் இருந்தது. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. கூடையோடு மலையில் ஏறிவிடுவாள். இறங்கும்போதுதான் பல்லைக் கடிப்பாள். யாராவது ஒருவர் தோட்டத்தில் வேலை செய்தால்தான் காம்பரா எங்களிடம் இருக்கும் என்பதால் வேலையை விட்டு நிற்கவும் வழியில்லை. நான் மலைக்குப் போகிறேன் என்றால் அதற்கும் விடமாட்டாள். "உங்கப்பன் செத்தும் ஒன்னய கூடை தூக்க வச்சேன்னு பேரு வாங்கவா?" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பெயர்களை அதில் அடிக்க ஒரு பிள்ளை வேண்டுமாம். பெரிய துரைக்குக் கீழே இருக்கிற சின்னத்துரை இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்பாராம். திங்கட்கிழமை பெரட்டு முடிந்ததும் வரச் சொன்னார்கள். கிடைத்தால் அம்மா கூடையை இறக்கி வைக்கலாம். கிடைக்காவிட்டால் முட்டி உடைகிற வரைக்கும் மலைதான். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இருந்த சொந்தம் எட்டாம் வகுப்போடு முடிந்திருந்தது. (முடிந்தது என்று மரியாதையாகச் சொல்கிறேன். இங்கிலீஷ் பாடத்தன்று நான் கொய்யா மரத்தில் இருப்பேன்.) ஏ, பி, சி, டி தெரியும். எழுத்துக் கூட்டத் தெரியும். அவ்வளவுதான்.

என் பெரியம்மா மகன் சிவா அண்ணன் பதுளையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் வேலை செய்தது. விஷயத்தைக் கேள்விப்பட்டு, அங்கே கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. குளிரில் கெட்டுவிடும் என்று போர்வை சுற்றியிருந்தது. கண்டக்டர் அதற்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தாராம்.

"தேவி, இதுக்குள்ள ஒரு டிக்ஷனரி இருக்கு. இங்கிலீஷ் வார்த்தய அடிச்சா தமிழ் வரும். தமிழத் தொட்டா இங்கிலீஷ் வரும்."

"எத்தன வார்த்த இருக்குண்ணே?"

"எல்லாம்."

"எல்லாம்னா?"

"எல்லாம்னா எல்லாந்தான்டி. உலகத்துல உள்ளது பூரா."

அம்மா பெட்டியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். "இம்புட்டு வார்த்தயும் உள்ள இருந்தா கனக்கணுமே சிவா. அரிசி மூட்டையில பாதி கூட இல்லயே!"

நான் முதலில் அடித்த வார்த்தை 'டீ'. தேநீர், தேயிலை என்று வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கோ ஒருத்தர் உட்கார்ந்து இதைச் செய்தபோது எங்கள் மலையை மறக்கவில்லை பாருங்கள்! பிறகு மழை, மாடு, முருங்கைக்காய். ஒன்றுக்குக்கூடப் பெட்டி தயங்கவில்லை. ஒரே வார்த்தையை நான் பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவையும் புதிதாகக் கேட்டது மாதிரியே பதில் சொன்னது. முறைக்கவில்லை. 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்கவில்லை. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உலகத்தில் இவ்வளவு தெரிந்தும் இவ்வளவு பொறுமையாக இருக்கிற ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. எழுந்து கும்பிட்டிருப்பேன். அண்ணன் கேலி பண்ணும் என்று விட்டுவிட்டேன்.

"முட்டி வலின்னு கேளு" என்றாள் அம்மா.

கேட்டேன். இங்கிலீஷில் வந்தது. வாசித்துக் காட்டினேன்.

அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அதுக்கும் பேரு வச்சிருக்காங்களா? அப்ப தொரைமாருக்கும் முட்டி வலிக்குமா?"

புறப்படும்போது அண்ணன் சொன்னது: "இது வாயால பேசவும் செய்யும். இங்க பாரு, இந்தப் படத்த அமுக்குனா வார்த்தய எப்புடிச் சொல்றதுன்னு ஒரு ஆளு சொல்லுவான். ஸ்பீக்கர்தான் இல்ல. சின்னத்தொரை கேக்குற வார்த்த எதெதுன்னு சொல்லிருக்கேன்ல? அத நல்லாப் பாத்துக்க." கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிட்டது.

திங்கட்கிழமை காலை ஒரே பனி. அம்மா மெதுவாக நடக்கிறவள் என்பதால் எல்லோருக்கும் முன்னாலேயே இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பெரட்டு என்றால், காலையில் எல்லோரும் களத்தில் கூடி, கங்காணி பேர் கூப்பிட்டு, யார் யாருக்கு எந்த மலை என்று பிரிக்கிறது. யாரும் நேரத்துக்கு வரமாட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன். வார்த்தைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன, வாய்க்கு வரவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சின்னத்துரை முன்னால் போய் நின்று என்ன செய்ய? பேசுகிற ஆள் உள்ளே இருக்கிறான். அவனுக்கு ஸ்பீக்கர்தான் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். சேலைக்குள் ஆம்பிளிபையர்.

பிறகு சேலையை எடுத்து மடித்துக் கட்டிலில் வைத்தேன். அப்பாவின் விரல் பட்டு பட்டு சுவிட்சில் எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. எந்த வயரை எங்கே சொருகுவது என்று எனக்குத் தெரியும். அப்பா குழாய் கட்டும்போது டார்ச் பிடிக்கிறவள் நான்தானே. சொருகினேன். சிவப்பு லைட் எரிந்தது. சின்னப் பெட்டி ஸ்பீக்கர் உயிர் வந்து உறுமியது. சத்தம் கொஞ்சமாக வரட்டும் என்று பெட்டி ஸ்பீக்கரின் குமிழைத் திருகிக் குறைத்தும் வைத்தேன். (புத்திசாலி! அந்தக் குமிழ் பெட்டி ஸ்பீக்கருக்கு மட்டும்தான். மரத்தில் இருந்ததற்கு இல்லை.)

படத்தை அமுக்கினேன்.

"கம்" என்றது ஓர் ஆண்குரல்.

அப்படி ஒரு குரல்! கனமாக, சளி இல்லாமல், வெற்றிலை போடாத வாயிலிருந்து வருகிற குரல். அது சொல்லி முடித்ததும் தூரத்தில் மலையும் ஒரு தடவை "கம்" என்றது. இந்தப் பெட்டிக்கு எதிரொலி வசதியும் வைத்திருக்கிறார்களே என்று பிரமித்துப் போனேன். நமுனுகுல மலையே என்னோடு உட்கார்ந்து இங்கிலீஷ் படிக்கிற மாதிரி இருந்தது. நான் ஒரு தடவை, அது ஒரு தடவை, மலை ஒரு தடவை.

"கம்... கம்... கம்..."

"வர்க்... வர்க்..."

"இமீடியட்லி... இமீடியட்லி..."

வெளியில் நடந்ததை அம்மா சொல்லி, பார்வதி அக்கா சொல்லி, கங்காணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிற்பாடு கல்யாண வீடுகளில் முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து எனக்கே அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகாசத்திலிருந்து இங்கிலீஷ் வந்தது. பனியில் மரமும் தெரியவில்லை, குழாயும் தெரியவில்லை. எங்கள் ஆட்களுக்கு இங்கிலீஷ் என்றால் துரை. இவ்வளவு சத்தமான இங்கிலீஷ் என்றால் இதுவரை வந்ததிலேயே பெரிய துரை. அடுத்த நிமிஷம் லயம் காலி. பக்கத்துக் காம்பரா பார்வதி அக்கா ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் கூடையுமாக ஓடியது. காய்ச்சல் என்று மூன்று நாளாகப் படுத்திருந்த மாரிமுத்து மாமா எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினார். பெரியசாமி கங்காணி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"என்னா கங்காணி இது, வானத்துலேருந்து பேசுறாங்க?"

"கம்பெனியில புதுசா வச்சிருக்காங்க போல. வாய மூடிக்கிட்டு வரிசையில நில்லுங்க!"

அந்த நேரம் பார்த்து நான் "நேம்" என்ற வார்த்தையில் இருந்தேன். அது எனக்குச் சரியாக வரவில்லை. அதனால் நிறையத் தடவை அமுக்கினேன்.

"நேம்... நேம்... நேம்..."

கங்காணிக்கு வாழ்க்கையில் தெரிந்த இரண்டு மூன்று இங்கிலீஷ் வார்த்தையில் அது ஒன்று. உடனே மரம் இருந்த திசையைப் பார்த்து நிமிர்ந்து நின்று பேர் கூப்பிடத் தொடங்கிவிட்டார். ஒவ்வொருவரும் பனியைப் பார்த்துக் கும்பிட்டு "இருக்கேன் சாமி!" என்று பதில் சொன்னார்கள்.

பாதிப் பேர் கூப்பிட்டபோது சின்னத்துரை ஓடி வந்தார். அவர் வந்து சில மாதம்தான் ஆகிறது. சிவா அண்ணன் வயசுதான் இருக்கும். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பையன். ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் குளியலறைச் செருப்பு. தன்னைத்தான் பெரிய துரை மைக் வைத்து எழுப்புகிறார் என்று நினைத்திருக்கிறார்.

"கங்காணி, யாரு பேசுறது? பெரிய தொரை எங்க இருக்குது?"

"தெரியலீங்க தொரை. பேரு கேட்டாங்க, சொல்லிக்கிட்டு இருக்கேன்."

உள்ளே நான் அடுத்த வார்த்தைக்குப் போனேன். அப்பா என்ன செய்கிறார் என்று கட்டாயம் கேட்பார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தது. "ஃபாதர்" என்று அடித்து அமுக்கினேன். பிறகு அப்பா இல்லை என்று சொல்ல வேண்டுமே. தமிழ்ப் பக்கத்தில் தேடி 'மரணம்' என்பதைத் தொட்டேன். இங்கிலீஷில் வந்தது. அமுக்கினேன்.

"ஃபாதர்... டெத்... ஃபாதர்... டெத்..."

களத்தில் நின்ற எல்லோரும் குரலுக்குத்தான் பயந்தார்கள். அர்த்தத்துக்குப் பயந்தது ஒரே ஒருவர். சின்னத்துரைக்கு முகம் வெளுத்து, கொழுந்து நிறுக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாராம். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாராம். அதைப் பார்த்ததும் ஆண்கள் எல்லோரும் தலைத்துண்டை அவிழ்த்தார்கள். எதற்கென்று தெரியாது. துரை கழற்றினால் கழற்ற வேண்டியதுதான்.

எனக்கு அதற்கு மேல் எந்த வார்த்தையும் ஓடவில்லை. அந்த ஆள் அப்படி ஒரு சாதாரணக் குரலில் அதைச் சொன்னான். டீ, மாடு, முருங்கைக்காய், டெத், எல்லாம் அவனுக்கு ஒரே விலை. அழுகை வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு ஆம்பிளிபையரைப் பார்த்தேன். அப்பாவின் வார்த்தைகள் இதற்குள் இருக்குமா என்று தோன்றியது. எல்லாம் இருக்கிறது என்றால் அதுவும் இருக்க வேண்டும் அல்லவா?

"ஹலோ" அடித்தேன். இருந்தது. "ஹலோ" என்றான். இன்னொரு தடவை "ஹலோ." பிறகு "ஒன்." பிறகு "டூ."

அங்கே என் கை தானாக நின்றது. அப்பா காது கொடுக்கிற நேரம் அது. ஒரு வாய் தேத்தண்ணி நேரம் நானும் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் "த்ரீ" அமுக்கினேன்.

களத்தில் முதலில் வாய் திறந்தது பார்வதி அக்காதான். "ஏய்... இது தொரை இல்லடி! இது நம்ம மைக்செட்டு மாமா டெஸ்டிங்கு!"

அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு மரத்தையே பார்த்தாளாம். பனி கொஞ்சம் விலகி, குழாய் வாய் மட்டும் தெரிந்ததாம். "அந்த நேரம் உங்கப்பன் மரத்துல இருக்காருன்னு யாராவது சொல்லிருந்தா, எறங்கி வாங்கன்னு கூப்புட்டிருப்பேன்" என்று அம்மா எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள்.

கங்காணி வயரைக் கண்டுபிடித்தார். வயர் பின்னால் கங்காணி, கங்காணி பின்னால் சின்னத்துரை, துரை பின்னால் தோட்டம். கோயில் கூரை, லயத்துத் தகரம் என்று பார்த்துப் பார்த்து நடந்து எங்கள் கதவைத் தள்ளினார்கள்.

நான் மூக்கைச் சிந்திய முந்தானையோடு திரும்பினேன். வாசல் நிறைய முகம். நடுவில் துரை. எங்கள் தோட்டம் உண்டான காலத்திலிருந்து ஒரு துரை நிற்க, லயத்துப் பிள்ளை உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"யாரு செத்தது?" என்று கேட்டார் சின்னத்துரை.

"எங்கப்பா, சார்."

"ஒன்னோட அப்பா?"

"ஆமாங்க சார். திருவிழா முடிஞ்ச வாரம்."

அவர் பெரிய மூச்சு விட்டார். விட்டதும் வெட்கப்பட்டார். என் அப்பா செத்ததில் தனக்கு நிம்மதி வந்துவிட்டதே என்று நினைத்திருப்பார் போல. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னோட அப்பா நெனச்சேன். அவரு சொகமில்ல" என்றார். அந்த ஒரு நிமிஷம் அவர் துரை மாதிரியே இல்லை. கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்த பையன் மாதிரி இருந்தார்.

பிறகு பெட்டியைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். சொன்னேன். 'டீ' அடித்துக் காட்டினேன். அவருக்கும் வாய் திறந்துகொண்டது. வாசலில் நின்றவர்களைத் தள்ளி நிறுத்தும்படி கங்காணியிடம் சொன்னார். குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"எல்லா வார்த்தயும் இருக்குதா?"

"உலகத்துல உள்ளது பூரா இருக்கு சார்."

"ஒரு வார்த்த பாக்கணும். பெரிய தொரை நேத்து என்னய சொன்னது. யார்கிட்ட கேக்குறது?"

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். நானும் அடித்தேன். தமிழ் வந்தது. அவருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. "என்ன போட்டிருக்குது?" என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அம்மாவின் முட்டியை நினைத்தேன்.

"சொல்லு."

"மடையன்னு போட்டிருக்கு சார்." கொஞ்சம் மரியாதையாக இருக்கட்டும் என்று அடுத்ததையும் வாசித்தேன். "அறிவிலின்னும் சொல்லலாமாம்."

அவர் முகம் தொங்கிப் போயிற்று. வேறு எதையாவது காட்டிப் பேச்சை மாற்றலாம் என்று அவசரமாகக் கம்ப்யூட்டரின் எலியைப் பிடித்தேன். விரல் அந்தப் பேசுகிற படத்தின் மேல் விழுந்தது. ஒரு தடவை இல்லை.

"நின்கம்பூப்... நின்கம்பூப்... நின்கம்பூப்..."

மலை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னது.

மரத்தில் இரண்டாவது குழாய் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்று முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தைக்குச் சொந்தக்காரரான பெரிய துரை தேத்தண்ணிக் கோப்பையோடு பங்களா வாசலில் நின்றிருந்தாராம். ஜீப் வந்து நின்றது. சின்னத்துரை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

பெரிய துரை நரைத்த மீசைக்காரர். சின்னத்துரையின் இரண்டு வகைக் காலையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நேம்?" என்றார்.

அவ்வளவு நேரம் படித்த வார்த்தை! மலைக்கே மனப்பாடம் ஆகியிருந்த வார்த்தை! எனக்கு நாக்கு அசையவில்லை. கை மட்டும் போய்ப் படத்தை அமுக்கியது.

"நின்கம்பூப்" என்றது தோட்டம் முழுக்க.

வாசலில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள். அம்மா என் பின்னால் வந்து நின்று, "பேரு தேவிங்க தொரை. முருகையா மக. அப்பன் செத்ததுலேருந்து கொஞ்சம் இப்புடித்தான்" என்றாள். எனக்கு அந்த மண் தரையிலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது. வேலை போயிற்று, காம்பராவும் போயிற்று, அம்மாவின் முட்டியும் போயிற்று என்று முடிவு கட்டினேன்.

பெரிய துரை என்னை விட்டுவிட்டு வெளியில் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி வெளியில் பார்த்தார்.

"கங்காணி, பெரட்டுக்கு எத்தன பேரு வந்தது?"

"எல்லாரும் வந்தாச்சுங்க தொரை."

"எல்லாருமா?"

"காய்ச்ச மாரிமுத்து கூட வந்துட்டானுங்க."

மாரிமுத்து மாமா அவசரமாக இருமிக் காட்டினார்.

"இன்னும் பெரட்டு நேரம் ஆகல்ல" என்றார் பெரிய துரை. "நான் வந்த காலத்துலேருந்து இப்புடிப் பாக்கல்ல." மீசையைத் தடவினார். "இந்தப் புள்ள நாளைலேருந்து ஆபீசுக்கு வரட்டும். காலையில முதல்ல இந்தக் கொழாயில பெரட்டுக்குக் கூப்புடட்டும். அதுக்குப் பொறகு கம்ப்யூட்டர்." ஜீப்பில் ஏறும்போது திரும்பி, "அந்த வார்த்த மட்டும் வேணாம்" என்றார்.

என் இன்டர்வியூ இப்படித்தான் முடிந்தது. நான் ஒரு வார்த்தைகூடச் சரியாகச் சொல்லவில்லை.

தோட்டத்துக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு எப்படி வராமல் இருக்கும்? காலையில் இன்னும் கொஞ்சம் தூக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. எனக்குக் 'கொழாத் தொரை' என்று பெயர் வைத்தார்கள். கடைக்குப் போனால் வேண்டுமென்றே துண்டை அவிழ்த்து நிற்பார்கள். அந்த வார்த்தையோ பசறை வரைக்கும் போய்விட்டது. பஸ்ஸுக்குக் குறுக்கே மாடு வந்தால் டிரைவர்மார் அதைச் சொல்லித்தான் ஹார்ன் அடிக்கிறார்கள்.

முதல் நாள் காலை மைக்கைக் கையில் எடுத்தேன். அப்பாவின் மைக். குழாயில் பேசுவதற்கு முன்னால் டெஸ்டிங் சொல்ல வேண்டும் இல்லையா? "ஹலோ... ஹலோ... ஒன்... டூ..." என்றேன். தலையைச் சாய்த்தேன். காது கொடுத்தேன். அதற்கு மேல் வரவில்லை. பெரட்டுக்களமே குளிரில் கையைக் கட்டிக்கொண்டு மரத்தைப் பார்த்து நின்றது.

பார்வதி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அடியே, த்ரீ சொல்லித் தொலைடி! கை வெறைக்குது!"

அப்போதும் வரவில்லை. கடைசியில் அவர்களே சொன்னார்கள். எல்லோரும் சேர்ந்து, ஒரே குரலில், "த்ரீ!" மலையும் சொன்னது.

அன்றிலிருந்து அப்படித்தான். நான் டூவோடு நிறுத்துவேன். மிச்சத்தைக் களம் சொல்லும். அம்மா இப்போது மலைக்குப் போவதில்லை. காம்பரா வாசலில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து அவளும் சொல்லுவாள். வீட்டுக்கு யார் வந்தாலும், சிவா அண்ணன் தன் பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வந்த அன்றைக்கும், தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் விடமாட்டாள்:

"பொட்டியில உள்ள வார்த்த பூரா தெரியும் எம் புள்ளைக்கி. மூணு வரைக்கும் எண்ணத்தான் தெரியாது."